வாசற்கதவு போட்ட கீறல்

அன்பான பிள்ளைகளே,

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது. திவசத்துக்கு வருகிற சொந்தபந்தங்கள் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். ஆனாலும் நான் எழுதுவது அண்ணன் பெற்ற உங்கள் இரண்டு பேருக்கும், நான் பெற்ற இரண்டு பேருக்கும்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கொஸ்லந்தையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில். அப்பாவை மண்ணில் வைத்த வருடமே அவருடைய படிப்பும் நின்றது. அம்மாவையும் என்னையும் காப்பாற்றப் பல வேலை பார்த்தார். பெரகல சந்தியில் ஒரு மரக்கறி லொறிக்குச் சாமான் ஏற்றுகிற வேலையில்தான் அதிக காலம் இருந்தார். ஒரு நாள் தகரக் கட்டு ஒன்றை இழுத்து ஏற்றும்போது லொறியின் பின்கதவில் நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது. கடைவீதியில் எல்லோரும் பார்க்க முதலாளி சொன்னாராம்: "லயத்து ஆளுங்களுக்கு எதைக் குடுத்தாலும் இழுத்துப் போட்டுத்தானே பழக்கம்."

அடித்திருந்தால்கூட அண்ணன் மறந்திருப்பார். அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை.

பிறகு லைசன்ஸ் எடுத்தார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அண்ணியைக் கட்டி அங்கேயே குடிவந்தார். அந்த லயத்திலேயே பக்கத்துக் காம்பராவில் எனக்கும் இடம் பார்த்துக் கொடுத்தார். பல வருடம் மற்றவர்களின் வண்டியை ஓட்டிய பிறகுதான் பின்னால் திறந்த தட்டு உள்ள நம்முடைய நீல நிற கெப் வண்டி வந்தது. பழைய வண்டிதான். ஆனால் பின்தட்டில் ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்த்துத்தான் வாங்கினார்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை முடிந்த அன்று அவர் ஒரு சாமானும் ஏற்றவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரப்பர் பெல்ட்டைக் கேட்டு வாங்கி வந்து, தட்டின் அளவுக்கு வெட்டிப் பாய் மாதிரி விரித்தார். தண்ணீர் தேங்காமல் இருக்க ஓட்டை போட்டார். பின்கதவின் விளிம்பில் ஹோஸ் பைப்பைப் பிளந்து மாட்டினார். கதவைத் தாங்குகிற இரண்டு சங்கிலியும் உரசக்கூடாது என்று சைக்கிள் டியூப் சுற்றினார். நான் வேகத்தில் பாயை விரிக்கப் போனால் நிறுத்திவிடுவார். "மணலக் கூட்டுடா மொதல்ல. பாய்க்கு அடியில மணல் கெடந்தா அந்தப் பாயே அரம்" என்பார். மரக்கறி மூட்டையோ உர மூட்டையோ, யார் வந்து ஏற்றினாலும் அவருக்கு ஒரே பேச்சுத்தான்: "இழுக்காத, தூக்கி வை."

லயத்தில் இது பெரிய கேலி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை, "ஒங்களைக்கூட இவ்வளவு பத்திரமா வச்சிருக்க மாட்டாரே" என்று அண்ணியைச் சீண்டினார். அண்ணி கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "நான் என்ன வண்டியா? என்னைக் கீறுனா நானும் கீறுவேன்ல" என்றார். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

நோயாளி என்று யார் வந்து நின்றாலும் அவர் மறுத்ததில்லை, கூலியும் வாங்கியதில்லை. பிரசவ வலியில் இருந்தவர்களும், தேயிலைப் பள்ளத்துக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டவர்களும் அந்த ரப்பர் பாயில் படுத்துத்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாதது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பனிமூட்டம் இறங்கியிருந்தது. தண்ணீர் விழும் பீலிக்கரையில் பாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வேலியில் காயப்போட்டுவிட்டு வந்த அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் லயம் மேட்டில், அதுவரை வண்டி ஏறாது. எதிர்வீட்டு மாமா தன் வீட்டு வாசற்கதவைக் கீலோடு கழற்றிக்கொண்டு வந்தார். அதில் அண்ணனைப் படுக்கவைத்து, நான்கு பேர் தோளில் தூக்கிப் படிக்கட்டு வழியாகக் கீழ் ரோட்டுக்கு இறக்கினோம்.

வண்டியின் பின்கதவைத் திறந்தேன். தட்டு வெறுமையாக இருந்தது. அண்ணன் படுத்திருந்த கதவுப் பலகையில் கீல் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் பீலிக்கரைக்கு ஓடினேன்.

அண்ணி பின்னாலேயே, "தம்பி, பாய் எதுக்கு? ஏத்துங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் நான் திரும்பவில்லை. எனக்கு அப்போது சாவு ஞாபகம் வரவே இல்லை பிள்ளைகளே. நாளைக்கு எழுந்து வந்து அந்தக் கீறலைப் பார்த்தால் அண்ணன் மனது உடைந்து போவாரே என்றுதான் நினைத்தேன். ஈரப் பாயை இழுத்துக்கொண்டு வந்தேன். அதோடு விட்டேனா? தட்டில் மணல் இருந்தது. விளக்குமாற்றைத் தேடி எடுத்துக் கூட்டினேன். நான்கு பேரும் தூறலில் அவரைத் தூக்கிக்கொண்டே நின்றார்கள்.

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "விடுடா" என்றார். "இழுத்தே போடு."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கதவுப் பலகையைத் தட்டுக்குள் இழுத்தோம். கீல் தட்டோடு உரசிக்கொண்டு உள்ளே போனது. தூக்கி வந்தவர்களில் ஒருவர் வண்டியை ஓட்ட, நான் பின்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதுளை டவுன் தெரிகிற வளைவு வந்தபோது அவர் கை என் கைக்குள் கனத்துப்போனது.

ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். எல்லாம் சொன்னேன். பாய் எடுக்கப் போனதை மட்டும் சொல்லவில்லை. கடைசியாக என்ன பேசினார் என்று நீங்கள் கேட்டபோது, "முருகா" என்றார் என்று சொன்னேன். வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். அண்ணி மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இந்த ஒரு வருடமாக எனக்குக் கீல் உரசிய அந்தச் சத்தம்தான். யாராவது உட்காரக் கதிரையை இழுத்தால் கேட்கிறது. தகரக் கூரையில் கிளை உரசினால் கேட்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். எப்போது அங்கே வந்தேன் என்பது தெரிவதில்லை. பனிமூட்டத்துக்குள்ளே சங்கிலி அசைகிறது. டியூப் சுற்றிய சங்கிலி சத்தம் போடாது. ஆனாலும் எனக்குக் கேட்கிறது. "அண்ணே" என்று கூப்பிட்டும் பார்த்திருக்கிறேன்.

உடனே ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. டொக்டரிடம் போய்க் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

போன மாதம் மூத்தவன், "சித்தப்பா, திவசத்துக்கு முன்னால அந்தக் கீறலுக்குப் பெயின்ட் அடிச்சிருவோமா? அப்பா இருந்தா விட்டு வைப்பாரா?" என்று கேட்டான். நான் எழுந்து வெளியே போனேன். கோபம் என்று நினைத்திருப்பாய் மகனே. கோபம் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தோள் கொடுத்த நான்கு பேருக்கும், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூடவே நின்றவர்களுக்கும், மரண வீட்டுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிய லயத்துப் பெண்களுக்கும், குழி வெட்டிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எதிர்வீட்டு மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் வீடு மூன்று நாள் கதவில்லாமல் சாக்குத் தொங்கவிட்டுக் கிடந்தது. அவர் கேட்கவே இல்லை. எட்டாம் நாள் காரியம் முடிந்து போய்ப் பார்த்தபோதுதான் அவரே கதவை வண்டியிலிருந்து எடுத்துப் போய் மாட்டியிருப்பது தெரிந்தது. கீலில் நம்முடைய வண்டியின் நீலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்பா" என்றார்.

மூத்தவனே, நம்முடைய தட்டிலும் அந்தக் கீறல் இருக்கட்டும். பாயைக் கழுவு, மணலைக் கூட்டு, மூட்டையைத் தூக்கி வை. அப்பா சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து யாராவது நின்றால், பாயைத் தேடி ஓடாதே. அப்பா கடைசியாகச் சொன்னதைச் செய்.