எட்டடி அரளியும் ஹரிஹரன் சாரும்

வியாழக்கிழமை காலை, தாராவியில் பஸ் ஏறி உட்காரும்போது போன் வந்தது. செம்பூரில் நான் தோட்டம் பார்க்கும் ஹரிஹரன் சாருடைய எதிர்வீட்டுக்காரர், நடராஜன் சார்.

"பேச்சியம்மா, ஹரி போயிட்டான்."

"எங்க சார், கைத்தடிய எடுத்துக்கிட்டாரா?" என்று வழக்கம்போலக் கிண்டலாகக் கேட்டுவிட்டேன். "தடி இங்கேயேதான் இருக்கு" என்றார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

ஹரிஹரன் சார் சோப்புக் கம்பெனி ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தள வீட்டில் தனியாக இருந்தார். நண்பர்கள் இருவரும் தினமும் மைதானத்தில் நடப்பார்கள். சார்தான் எப்போதும் முன்னால். "ஆமை வருது, வழி விடுங்கோ" என்று நடராஜன் சாரைக் கேலி செய்துகொண்டே போவார்.

மூன்று வருடத்துக்கு முன் சார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆனது. வாக்கரைப் பிடித்து தினமும் நடக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் நடக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"வேலி ஓரம் எட்டடி உசரத்துக்கு மறைப்பு வேணும். தண்ணி கேக்கப்டாது. மூணு மாசத்துல வளரணும்."

"எதுக்கு சார்?"

"நான் வாக்கரோட நடக்கறதை அந்த ஆமை பாக்கப்டாது."

"மூணு மாசத்துல எட்டடி வளர்றது சிமெண்ட் செவருதான் சார். அரளி வைக்கேன். மொத வருசம் தண்ணி ஊத்துங்க. வேர் பிடிச்சிட்டா மே மாச வெயில்லயும் உங்கள ஒண்ணும் கேக்காது. ஆனா அதோட பால் விஷம், வாயில வச்சிராதிய."

"நான் என்ன ஆடா?"

"ஆடுன்னா இந்நேரம் நடந்திருக்குமே சார்."

முழத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கன்று நட்டேன். குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால், அரிசி கழுவின தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்ற வைத்தார். ஆனால் செடி தலைக்கு மேல் வந்தால்தான் நடப்பேன் என்று நாற்காலியை விட்டு எழவில்லை.

"செடி ஒரு சாண் முன்னேறிட்டு சார். நீங்கதான் அப்படியே இருக்கிய" என்றேன்.

கடைசியில் அவருடைய பழைய வேட்டி இரண்டை வேலிக் கம்பியில் கட்டினேன். அதற்குப் பின்னால் நடந்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், வேட்டிக்குக் கீழே சாருடைய இரண்டு காலும் வாக்கருடைய நாலு காலும் ஊர்வலம் போகின்றன! நடராஜன் சார் தன் வீட்டு வாசலில் இருந்தபடி பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் வருடம் அரளி தலைக்கு மேல் போய்ப் பூத்தது. அங்கேதான் நான் கோட்டை விட்டேன். வெயில் நடராஜன் சார் பக்கம், அதனால் பூவும் அந்தப் பக்கம். அந்தக் காலனியிலோ காலை நடைக்குப் போகிறவர் கையிலெல்லாம் பூப்பறிக்க ஒரு பை இருக்கும். கைக்கெட்டின செடி எதுவும் தப்பாது. மறைப்புக்கென்று போய்ப் பூஜைப் பூவை வைத்திருக்கிறேன்! நடராஜன் சார் கொப்போடு ஒடித்தார். வேலியில் ஓட்டை விழுந்தது.

"டேய் நடராஜா! கையை எடு!"

"பகவானுக்குடா!"

"உன் பகவானுக்கு என் மறைப்புதான் கெடச்சுதா?"

சார் வாக்கரோடு இந்தக் கோடிக்கு வந்தால், அவர் அந்தக் கோடியில் போய் இலையைச் சலசலப்பார். சார் அங்கே விரைவார். எட்டு மணிக்கு நான் போகும்போது சட்டை நனைந்து நிற்பார். "இன்னிக்குப் பதினோரு தரம் வெரட்டினேன்!" என்பார். ஓங்குவதற்கு ஒரு கை வேண்டுமே என்று வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தார். கிள்ளக் கிள்ளச் செடியும் அடர்ந்தது.

அந்த வியாழக்கிழமை சாரை எடுத்துப் போன பிறகு, நடராஜன் சார் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். கதவுக் கொக்கியில் பூப்பொட்டலம் தொங்கியது. எத்தனையோ நாள் பார்த்த பொட்டலம்தான். அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

"சார், உங்களுக்குத்தான் பூக்காரன் தினமும் பூ போடுதானே? அப்ப அரளி எதுக்கு?"

"ஹரி நடக்கணுமே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா நான் எழுந்து வரதுக்கு முன்னாடியே வேலிகிட்ட வந்து நிப்பான்?"

மறுநாள் காலையில் அரளி முழுக்கப் பூ. நடராஜன் சார் அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"பறிச்சுக்கிடுங்க சார். கேக்க ஆளில்ல" என்றேன்.

"கேக்க ஆளில்லாம என்னத்தைப் பறிக்கறது" என்று உள்ளே போய்விட்டார்.

போய் வாருங்கள் சார். மேலேயும் எட்டடி மறைப்பு கேட்பீர்கள், எனக்குத் தெரியும். முதல் வருடம் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஆமை மெதுவாகத்தான் வரும்.