கக்கத்தில் இடுக்கிய மிஷின்

தண்ணீர் வாரியத்தில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் அவளை மீட்டர் ரீடர்கள் ஸ்டோர் அக்கா என்பார்கள். வீட்டில் அவள் பெயர் அண்ணி. அந்த வீட்டில் அதிகம் பேசுகிற ஆள் நாத்தனார் என்பதால், அவள் கூப்பிடுவதே பெயராக நிலைத்துவிட்டது. நாத்தனாரும் அதே வாரியத்தில்தான் மீட்டர் ரீடர். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. அதனால் அண்ணன் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறாள். அங்கிருந்தபடியே கீழ்வீட்டுப் பேச்சிலும் கலந்துகொள்வாள்.

ரீடர்கள் தெருவுக்குக் கொண்டுபோகப் புதிய கைக்கணினிகள் வாங்க வேண்டியிருந்தது. முன்பு கொடுத்தவை சாதாரணச் செல்போன்கள். வெயிலில் சூடேறி அணைந்தும், தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. அவற்றையும் ஸ்டோர் அக்காதான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"இந்தத் தடவையும் நீங்களே பாருங்கம்மா," என்றார் மேலாளர். "ஒரு மாசம் தெருவுல ஓடட்டும். சரிப்படலைன்னா தலைமை ஆபீஸ் அனுப்பறத வாங்கிக்க வேண்டியதுதான்."

தலைமை அலுவலகம் அனுப்புவது எது என்று அவளுக்குத் தெரியும். கிடங்கில் வண்டியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்காகச் செய்த மிஷின் அது. செங்கல் கனம். இடுப்புப் பட்டையில் தொங்கும். அதைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் குனிந்து நிமிர வேண்டிய நாலு பேரில் நாத்தனாரும் ஒருத்தி.

வந்த மாதிரிகளில் இரண்டு தேறின. ஒன்று தடித்தது, மற்றது ஒல்லி. இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்து பாடாய்ப் படுத்தினாள். சமையல் மேடையிலிருந்து தள்ளினாள். வாளித் தண்ணீரில் முக்கினாள். மாவு டப்பாவில் புதைத்து எடுத்தாள். மாடிப்படியில் உருட்டிவிட்டபோது ஒன்று கணவனின் காலடியில் வந்து நின்றது.

"நீ பொருள் வாங்கறியா, பழி வாங்கறியா?" என்றார் அவர்.

"இதுல தப்பிச்சாத்தான் உங்க தங்கச்சி கையில தாங்கும்."

"காதுல விழுந்துச்சு அண்ணி!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

ஒல்லி மிஷினுக்கு ஒரு மூலை தெறித்துப் போயிற்று. தடித்ததற்குக் கீறல்கூட இல்லை. போதாததற்கு அதன் பக்கவாட்டில் பெரிதாக ஒரு ஆரஞ்சு பொத்தான். ஒரு அழுத்து அழுத்தினால் பச்சை விளக்கு மினுக்கி, வரிசையில் அடுத்த வீட்டின் பக்கம் திறக்கும். கையுறையைக் கழற்றக்கூட வேண்டாம். அந்தப் பொத்தானிலேயே அவள் மனசு விழுந்துவிட்டது. தடித்ததில் நான்கு வரவழைத்து, ரீடர்களிடம் கொடுத்தனுப்பினாள்.

மாதக் கடைசியில், அளவு பொருந்தாத வீடுகளைச் சிவப்பில் காட்டும் அலுவலகக் கணினி முழுக்கச் சிவப்பாக எரிந்தது. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு பெரிய குடும்பமே குளித்திருந்தது. சலவைக் கடையிலோ பல் விளக்கும் அளவுக்குக்கூடத் தண்ணீர் ஓடவில்லை. நல்லவேளை, பில் எதுவும் வெளியே போகவில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார். "புது மிஷின் பிடிக்கலைன்னா நேரா வந்து சொல்லணும். மர நிழல்ல உக்காந்துக்கிட்டு வாய்க்கு வந்த நம்பரை அடிக்கறதா? நாலு பேருக்கும் மெமோ கொடுக்கப் போறேன்."

அன்று சாயங்காலம் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தபடியே கேட்டாள். "நெஜமாவே எல்லா மூடியையும் தொறந்துதான் பாத்தியா?"

நாத்தனாரின் கை நின்றது. "நீங்களுமா அண்ணி?"

அவ்வளவுதான். மடித்ததை எடுத்துக்கொண்டு மாடி ஏறிப் போனவள் பிறகு வாயே திறக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கும் கீழே வரவில்லை. வீடு ஓய்ந்து கிடந்தது. "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்றார் கணவன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நாத்தனாரோடு அவளும் கிளம்பினாள்.

"வேவு பாக்க வர்றீங்களா?"

"ஆமா. நட."

மீட்டர்கள் வாசலோரம் தரைக்குள் சிறு தொட்டிகளில் இருக்கும். மேலே இரும்பு மூடி. முதல் வீட்டில் நாத்தனார் மிஷினைத் திறந்தாள், பக்கம் சரியாக வந்தது. அதை இடது கக்கத்தில் இடுக்கினாள். குனிந்து, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். அப்போது அவள் கையிடுக்கில் பச்சை வெளிச்சம் ஒன்று மினுக்கிவிட்டு அணைந்தது.

"அப்படியே நில்லு! அசையாதே!"

"என்ன அண்ணி, பாம்பா?"

"பாம்பு இல்லடி. மிஷினை எங்க வச்சிருக்கே?"

"எங்க வைக்கறது? கீழ சேறு. ரெண்டு கையும் மூடியில. பின்ன தலையிலயா வச்சுக்க முடியும்?" சொல்லிக்கொண்டே நாத்தனார் குனிந்து தன் கக்கத்தை, யாரோ அடுத்தவர் கக்கத்தைப் போலப் பார்த்தாள்.

மிஷினை வெளியே எடுத்தபோது திரையில் பக்கத்து வீடு நின்றது. வீட்டு எண் மேலே பொடி எழுத்தில் இருந்தது. தெருவின் வரிசை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கி அதைப் படிப்பதில்லை. மீட்டரில் கண்ட எண்ணை அடித்துவிட்டு நகர்வார்கள். ஒரு வீட்டில் பொத்தான் அமுங்கினால் போதும், அங்கிருந்து தெரு முழுக்க ஒவ்வொருவர் தண்ணீரும் அடுத்தவர் வீட்டில் ஓடும்.

மற்ற மூன்று பேருக்கும் அண்ணி போன் போட்டாள். "மூடி தூக்கறப்ப மிஷின் எங்க இருக்கும்?" கையில்தான் என்று மூவரும் அடித்துச் சொன்னார்கள். "எந்தக் கையில?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு கையும் மூடியில் இருப்பது உறைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் சிரித்தார்கள்.

"இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடின கதைதான்," என்று நாத்தனாரும் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "இதைப் போய்ச் சொன்னா, தேர்ந்தெடுக்கற வேலை உங்க கையை விட்டுப் போயிடுமே அண்ணி. தலைமை ஆபீஸோட அந்தச் செங்கல்தான் வரும்."

"சொல்லலைன்னா பழி உங்க நாலு பேர் மேல நிக்கும்."

"அதுக்குன்னு..."

"நேத்து உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது நான்," என்றாள் அண்ணி. "வா, மூடியைப் போடு. ஒரு கை பிடிக்கறேன்."

மேலாளர் நம்பவில்லை. "கக்கமாவது, பொத்தானாவது! என்னம்மா பேசறீங்க?"

அவள் வாதாடவில்லை. அவர் கையில் மிஷினைக் கொடுத்து, அலுவலக வாசல் மீட்டரின் மூடியைத் தூக்கச் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர் உயரம், தரை ஈரம். சட்டைப் பைக்குள் மிஷின் நுழையவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அதைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்தார். பச்சை வெளிச்சம் மினுக்கியது. மேலாளர் நெளிந்த நெளிசலைப் பார்த்து வாட்ச்மேன், "சார், கிச்சுக்கிச்சு மூட்டுதா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

மேலாளர் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "அந்தப் பொத்தானை வேலை செய்யாம நிறுத்திட்டா?"

"கம்பெனியைக் கேட்டுட்டேன் சார். மிஷினை எழுப்பறதும் அதே பொத்தான்தானாம்."

"அப்ப நீங்க செஞ்ச சோதனை தப்பு."

"ஆமா சார். விழுந்தா உடையுமான்னு பாத்தேன். விழாம எப்படிப் பிடிச்சுக்கறாங்கன்னு பாக்கலை." குரல் இறங்கியது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. "அந்த ஒல்லி மிஷினுக்குப் பொத்தானெல்லாம் முன்பக்கம் இருக்கு. புறங்கையில மாட்டிக்கப் பட்டையும் இருக்கு. ரெண்டு கையும் மூடிக்குக் கிடைக்கும். செங்கலை எங்க மாட்டிக்கிட்டாலும் குனியறப்ப வயித்துல இடிக்கும் சார்."

மேலாளர் மூடியைப் பார்த்தார். அதன் கனம் இன்னும் அவர் விரல்களில் இருந்தது. "மூலை தெறிக்குதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"தெறிச்ச மூலையோட அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. நேத்துகூடப் போட்டுப் பாத்தேன்."

"இன்னும் ஒரு மாசம்," என்றார் அவர். "இதுதான் கடைசி. மெமோவை நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

இந்த முறை மாடிப்படிக்கு வேலை இல்லை. ஒல்லியில் நான்கு வரவழைத்து, நாலு பேரோடும் ஆளுக்கொரு தெரு நடந்தாள் அண்ணி. ஒருவர் இடதுகைக்காரர், பட்டை அவருக்கு எதிர்ப்பக்கம் இழுத்தது. இருபக்கமும் மாட்டுகிற பட்டை வேண்டுமென்று கம்பெனியை நச்சரித்து வாங்கினாள். வீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் போடவைத்தாள்.

மாதக் கடைசியில் கணினியில் இரண்டே இடத்தில்தான் சிவப்பு. நேரில் போய்ப் பார்த்தார்கள். இரண்டு மீட்டரும் நிஜமாகவே ஓடாமல் நின்றிருந்தன. மேலாளர் அன்றே கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்துக்கு, செங்கல் வேண்டாம் என்பதை மரியாதையான மொழியில் எழுதி அனுப்பினார்.

சாயங்காலம் நாத்தனார் படியிறங்கி வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாம் சரி அண்ணி. ஆனா இந்தப் பட்டைக்கு அடியில வேர்த்து அரிக்குது. வெயில்ல புறங்கையில பட்டை பட்டையா கோடு விழுது. வளையல் போட முடியலை. அப்பறம் இன்னொண்ணு..."

அண்ணி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல அரிப்பைச் சொல்லு. எந்த இடத்துல? கையைக் காட்டு."