கும்பிடவும் வேணாம், அடிக்கவும் வேணாம்

ஈரப்பதம் மிகுதியென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பப்பட்ட நெல்லை மீண்டும் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தபோது, கால்நடை மருத்துவர் செண்பகவல்லி மறைந்தார் என்னும் செய்தி கைப்பேசியில் வந்தது. காலால் நெல்லைக் கிளறுவதை நான் நிறுத்தவில்லை. மேகம் திரளத் தொடங்கியிருந்தது, அழுவதற்குத் தெம்பும் இல்லை. அன்று ஒத்திவைத்ததை இன்று எழுதுகிறேன்.

நன்னிலம் வட்டாரத்தில் மாடும் ஆடும் நாயும் வளர்க்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும், எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் அவர் நின்ற நிலையை அன்று அங்கிருந்தவர்களே இப்போது பேசுவதில்லை.

என் நாய் செவலை ஒரு காலையில் அக்கோயிலை வலமாகச் சுற்றத் தொடங்கியது. உண்ணவில்லை, அழைத்தால் திரும்பவில்லை. களைத்ததும் சுவரில் நெற்றியை அழுத்தி அசையாது நின்றது. கண்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மாலை வாங்கிவந்தார், கற்பூரம் ஏற்றப்பட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூல்களையே ஆசிரியராகக் கொண்டவள் நான். எனினும் நான் பயின்ற எந்நூலும் அவ்வேளையில் உதவவில்லை. மருத்துவரை அழைத்து, "என் நாயானது இடைவிடாது கோயிலை வலம்வந்தவண்ணம் உள்ளது" என்றேன்.

"அக்கா, மேடைப்பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். ஒரே பக்கமாவா சுத்துது? தலை சாஞ்சிருக்கா? யாரும் தொடாதீங்க, வந்துட்டேன்."

வந்தவர் சற்றுத் தொலைவில் குந்தி நெடுநேரம் பார்த்தார். செவலையின் தலை ஒருபுறம் சாய்ந்திருந்தது, கண்மணிகள் தாமாக ஊசலாடின, பின்னங்கால்கள் பின்னின.

"இது பக்தி இல்லங்க. மூளை வீங்கியிருக்கிற மாதிரி தெரியுது. தலைக்குள்ள வலி தாங்காமத்தான் செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குது."

"அதெப்படி டாக்டரம்மா, வலமால்ல சுத்துது?" என்றார் மாலை வாங்கியவர்.

"இடமா சுத்தியிருந்தா கல்லால அடிச்சிருப்பீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

சிலர் சிரித்தனர். "அப்ப வெறியா இருக்குமோ?" என்று ஒரு குரல் எழுந்ததும் சிரிப்பு நின்றது. மாலை வாங்கியவரே மூங்கில் கழியோடு முன்னால் வந்தார். மருத்துவர் எழுந்து குறுக்கே நின்றார்.

"தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனாலும் வெறி இல்லைன்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்குத்தான் வண்டியில கூண்டு கொண்டாந்திருக்கேன். எச்சில் பட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. கும்பிடவும் வேணாம், அடிக்கவும் வேணாம். பாத்துக்கிட்டிருப்போம்."

கழி இறங்க வெகுநேரமாயிற்று. தடித்த கையுறை அணிந்து அவரே செவலையைக் கூண்டில் ஏற்றினார். நாள்கள் செல்ல, வெறியன்று என்பது உறுதியாயிற்று.

அழற்சியைத் தணிக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தோம். நடுவில் ஒருமுறை வலிப்பு வந்தபோது, போதும், விட்டுவிடலாமா என்று சலித்துக் கேட்டேன். பல ஊர் அலைந்த களைப்பில் அவர் என் வீட்டுப் படியிலேயே அமர்ந்துவிட்டார்.

"எனக்கும் அலுத்துப்போச்சுக்கா. மாத்திரையைக் குடுத்துட்டு அலுத்துக்கலாம்."

செவலை பிழைத்தது. தலை மட்டும் நேராகவில்லை. இன்றும் உலகத்தைச் சாய்ந்தே பார்க்கிறது.

சென்ற வாரம் கடைத்தெருவில் வேறொரு நாய் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் கைகூப்பினார், மற்றொருவர் கல் தேடினார். கைப்பேசியில் என் விரல் அவர் பெயருக்கே சென்று நின்றது. பிறகு, அலுப்போடு, சற்றுத் தொலைவில் நானும் குந்தினேன்.

"ஒரே பக்கமாவா சுத்துது? யாரும் தொடாதீங்க" என்றேன்.

அது என் தமிழன்று, அவருடையது. திருத்தாமல் வைத்துக்கொள்கிறேன்.