காயக் கூடாத குமிழ்

அன்று சிங்கப்பூரில், எங்கள் பூன் லே வீட்டுச் சமையலறையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், உட்லண்ட்ஸிலிருந்து மாமா வந்திருந்தார். அக்கா இல்லை, வேலைக்குப் போயிருந்தாள். எனக்காகப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரை வாங்கித் தந்தவளும் அவள்தான்.

தேக்காச் சந்தையில் வாங்கிய பெரிய பானையில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். முந்தைய இரண்டு தடவையும் புளித்துப்போனது. இந்தத் தடவையும் புளித்தால் பானை வீட்டில் இருக்காது என்று அப்பா சொல்லிவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர் மாமா.

“குடும்பத்துலயே முதல்ல டிப்ளோமா வாங்கினவன் நீ. அது சாராயம் காய்ச்சத்தானா மாப்பிள்ளை?”

சாராயமில்லை, பீர் என்றேன். சொந்தத்துக்குக் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றேன். சொல்லாதது ஒன்று உண்டு. இதுவரை படித்ததெல்லாம் வேலைக்காக, வீட்டுக்காக. எனக்காக நானே தேடிப் படித்தது இது ஒன்றுதான். இதை விடுவதாக இல்லை.

வெந்நீரில் ஊறும் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, மீட்டரில் அளந்தால் ஐந்தரைக்குப் பக்கத்தில் வர வேண்டும். முந்தைய இரண்டு தடவையும் மீட்டர் ஆறு என்றது. எண் ஏறினால் புளிப்பு போதாது என்று பொருள், அதனால் அமிலம் சேர்த்து இறக்கினேன்.

மீட்டரை நேராகப் பானையிலேயே முக்கிப் பார்க்கச் சொன்னார் மாமா. மாட்டேன் என்றேன். அந்தச் சூட்டில் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் கெடும், காட்டும் எண்ணும் சரியாக இருக்காது. குமிழ் உடைந்தாலோ கண்ணாடித் தூள் நாங்கள் குடிப்பதில் இருக்கும். ஒரு தம்ளரில் எடுத்து ஆறவைத்தேன்.

அது ஆறுவதற்குள் மீட்டரைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். வாங்கிய புதிதில் பார்த்ததுதான். ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும் என்று பிறகுதான் படித்தேன். நான்கு காட்ட வேண்டிய கரைசலில் ஐந்துக்கு மேல் நின்றது. திருத்தினாலும் நகரவில்லை. குமிழை மூடிவைக்கும் சின்ன மூடியை எடுத்துப் பார்த்தேன். எப்போதும் அதில் உப்புக் கரைசல் விட்டு மூடுவேன். உள்ளே பொட்டு ஈரமில்லை.

யார் கொட்டியது என்று கேட்டேன்.

“நாந்தான்,” என்றார் அப்பா. “ஒவ்வொரு தடவையும் தண்ணியோட மூடி வெச்சிடுற. அப்பல்லாம் நான் ஊத்திட்டு, துணியால நல்லாத் துடைச்சு வெச்சேன்.”

அதில் பெருமைதான் இருந்தது. கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம் கருவிகளை ஈரம் அண்டாமல் காத்தவர். அவர் கையிலிருந்த ஸ்பானர் எதுவும் துருப்பிடித்ததில்லை. இந்தக் குமிழுக்கோ ஈரம்தான் உயிர், காய்ந்தால் தப்பாகக் காட்டும். துணியால் தேய்க்கவும் கூடாது, ஒற்றி எடுக்கலாம், அவ்வளவுதான்.

“பீர் தானாப் புளிக்கலப்பா. இது காட்டின தப்பு நம்பரை நம்பி நாந்தான் அமிலத்தை ஊத்திப் புளிக்க வெச்சேன்.”

அப்பா மேலேயே பழியா என்று கேட்ட மாமா, பானையை இப்போதே இறக்கக் கையை நீட்டினார். நான் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“இது முடியட்டும் மாமா. புளிச்சா நானே கீழ கொண்டுபோய்ப் போட்டுடறேன்.”

அம்மா, தன் தம்பியான மாமாவின் கையில் ஒரு கோப்பை கோப்பியைக் கொடுத்து, உட்காரச் சொன்னார்.

அன்று ஒரு சொட்டு அமிலமும் விடவில்லை.

சில வாரம் கழித்துப் பாட்டிலைத் திறந்தபோது அக்காவும் இருந்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“கசக்குது.”

“கசக்கணும்பா.”

“ம். புளிக்கல.”

மாமா தன் கிளாஸைக் காலி செய்தார். இரண்டாவது கிளாஸுக்குக் கையை நீட்டினார்.

மீட்டர் இல்லாமலே நன்றாக வந்துவிட்டதே, இனி அது எதற்கு என்றார் அப்பா. ஒரு தடவை தப்பித்ததை நம்பி அடுத்த பானையை ஏற்ற மாட்டேன் என்றேன். கரைசலில் ஊறவைத்துப் பார்த்தும் பழைய குமிழ் தேறவில்லை. புது முனைக்குப் பாதிப் பணத்தை, நான் கேட்காமலே, அப்பா எடுத்து வைத்தார். மூடியில் ஈரம் இருக்கிறதா என்று இப்போது திறந்து பார்ப்பவரும் அவர்தான்.

முனையும் கரைசல்களும் சேர்த்து விலை எண்பத்தாறு வெள்ளி.