வராத ஒன்பது எண்கள்

என் சித்தப்பா இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியறையில் சால்டரிங் புகையோடு குடியிருந்த காலத்தில் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். வேலைவெட்டி இல்லாதவர் என்பது அவரைப் பற்றி ஊராரின் தீர்ப்பு. எனக்கோ, பள்ளி விட்டு வந்ததும் கூட விளையாடப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான் என்ற கர்வம்.

எங்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே கிரிவலப் பாதை. கரண்ட் வந்ததும் கிணற்று மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். கிணற்றில் இருப்பதோ ஒரு மணி நேரத் தண்ணீர். நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் மோட்டார் காற்றை இழுத்து, உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிவிடும். மற்ற நாட்களில் அப்பா போய் நிறுத்துவார். பௌர்ணமி அன்று பாதையோரத்து இளநீர்க் கடையை விட்டு அவரால் அசைய முடியாது. அதற்காகத்தான் சித்தப்பா இரண்டு பெட்டிகள் செய்தார். வீட்டுப் பெட்டியில் பட்டனை அமுக்கினால் ரேடியோ அலையில் செய்தி போகும்; கொட்டகைப் பெட்டி மோட்டாரை நிறுத்தும்.

"போய்ச் சேருதான்னு எப்படிடா நம்பறது?" என்றார் அப்பா.

அதற்கொரு சோதனை வைத்தார் சித்தப்பா. வீட்டிலிருந்து நிமிடத்துக்கு ஓர் எண்ணாக, ஒன்று முதல் நூறு வரை அனுப்புவார். நான் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, பெட்டியின் சின்னத் திரையில் தெரிகிற எண்ணையும் அது வந்த மணியையும் நோட்டில் எழுத வேண்டும். அவருடைய கைக்கடிகாரம் என் மணிக்கட்டில் நிற்காததால் முழங்கைக்குக் கிட்டே கட்டிவிட்டார்.

முதல் சனிக்கிழமை பதினேழு எண்கள் வரவில்லை. சித்தப்பா அந்த இடங்களை வட்டமிட்டு, பரிசு விழுந்தவர் மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியல் கட்டிய மூங்கிலை இன்னும் உயர்த்தினார். அப்பாவின் முகம்தான் கடுத்தது.

"அடுத்த வாரமும் இதே கதைன்னா, பேசாம உன்ன கூப்ட்ட அந்த மெட்ராஸ் கம்பெனி வேலையில போய்ச் சேர்ந்துடு. அவங்களும் எவ்ளோ நாள்தான் காத்துனு இருப்பாங்க?"

எனக்குச் சித்தப்பா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறு சனிக்கிழமை, முப்பத்தெட்டுக்குப் பிறகு திரையில் நாற்பத்தொன்று வந்தது. நான் யோசிக்கவே இல்லை. முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று வரிசையாக எழுதினேன். கோடிட்ட இடத்தை நிரப்பினால் மதிப்பெண் தருகிற பள்ளியில்தானே படித்தேன்! அப்படி ஒன்பது எண்களை நானே வரவழைத்தேன். மணியை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக எழுதினேன். பொய்யிலும் நான் நேர்மையான குழந்தை.

"நூத்துக்கு நூறு!" என்று வரிகளை எண்ணி முடித்த சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

பௌர்ணமி அன்று சாயங்காலம் கரண்ட் வந்தது. கடையில் கூட்டம் நெரிந்தது. சித்தப்பா வீட்டுக்கு ஓடிப்போய் நேரத்துக்குப் பட்டனை அமுக்கிவிட்டு வந்து, அப்பாவுக்குத் துணையாக இளநீர் சீவ நின்றார். யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. காலையில் கொட்டகை முழுக்கக் கருகல் நாற்றம்.

சித்தப்பா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த மூணு நம்பரும் ஒரே நிமிஷத்துலயா வந்துச்சு?"

"ஆமா சித்தப்பா. வேகமா வந்துச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பத் தெரியாத பெட்டி அது, செய்தவரும் அவரே. நோட்டை மூடிவிட்டுக் கீழே இறங்கி, "என் தப்புதாண்ணா. நான்தான் சரியா பாக்கல" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கத்தித் தீர்த்தார். அடுத்த வாரமே மெட்ராஸ் பஸ்.

வராத எண்களைத் தெரிந்துகொள்ளத்தான் என்னை அங்கே உட்காரவைத்தார் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது. பதினேழு ஒன்பதாகக் குறைந்ததைப் பார்த்திருந்தால் அப்பாவும் இன்னொரு வாரம் பொறுத்திருப்பார். மூங்கிலை இன்னும் ஒரு முழம் உயர்த்தியிருப்பார்கள். சித்தப்பா எங்களோடே இருந்திருப்பார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அந்தப் பெட்டிதான் உங்கள ஏமாத்திடுச்சு சித்தப்பா. அத ஒடச்சிப் போட்டுடலாம்."

"எனக்கு அது மேல கோவமே இல்ல பாப்பா. நீயும் திட்டாத" என்று என் தலையைத் தடவினார்.

ஒரு பெட்டியின் மேல் ஒருவருக்கு இவ்வளவு பிரியமா என்று வீடு வரைக்கும் வியந்துகொண்டே வந்தேன்.