ஜான்சி சொன்னதில் மறுபாதி

தாம்பரத்தில் அந்தத் தியேட்டரில் படம் முடிந்து கூட்டம் வெளியேறியதும், துடைப்பமும் குப்பைப் பையுமாக உள்ளே நுழைகிறவர்களில் ஜான்சியும் ஒருத்தி. நாற்பத்திரண்டு வயது. கோவிலம்பாக்கத்தில் வீடு, மேடவாக்கம் போய் பஸ் மாறி வருகிறாள். எட்டு வருடமாக ஊரார் கொட்டிய பாப்கார்னை அள்ளுகிறாள், அதற்காக யார்மீதும் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. போன வெள்ளிக்கிழமை ரிலீஸான படம்தான் அவளைக் கொதிக்க வைத்தது.

அதற்கு ஒரு வருடம் பின்னால் போகவேண்டும். நவம்பர் மழை. அவள் கணவன் ஜீவரத்தினம், பிளம்பர், பால் பாக்கெட் வாங்கப் போனவன், தெருமுனையில் மூடியில்லாத மழைநீர்க் கால்வாய்க் குழிக்குள் விழுந்துவிட்டான். முழங்கால் தண்ணீரில் ரோடு எது, குழி எது என்று யாருக்குத் தெரியும்? தீயணைப்புக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டி.வி. நிருபர் அவள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினான்.

"அக்கா, ஒரு பைட்டு குடுங்க."

கேமராவைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவதைத்தான் டி.வி.க்காரர்கள் பைட்டு என்பார்கள். ஜான்சி அதை எங்கே கண்டாள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் வரும் ஃபைட்டு. பக்கத்தில் தெருக்காரர்கள் வேறு கால்வாய் வேலை பார்த்தவர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். தன்னையும் அடிதடிக்குக் கூப்பிடுகிறான் என்றே நினைத்துவிட்டாள்.

"ஃபைட்டெல்லாம் வாணாம் சார். அந்தக் குழிக்கு மொதல்ல ஒரு மூடி போடச் சொல்லு. நாளைக்கு இன்னோர்த்தி புருசன் அதுல விழக் கூடாது."

முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிப் போட்டது சேனல். ஜீவரத்தினத்தை வெளியே எடுப்பதற்குள் ஊரே "ஃபைட்டெல்லாம் வாணாம் சார்" என்று விழுந்து விழுந்து சிரித்தது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு சொந்தக்காரரின் போன் அடித்தது. அதற்கும் அவள் குரல்தான் ரிங்டோன். மூடியைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இப்போது வந்திருக்கும் படம், செய்தி சேனல்களைக் கிழிகிழி என்று கிழிக்கும் டார்க் காமெடியாம். பிணத்தை வைத்துப் பிழைக்கும் சேனல், அதை வாய் பிளந்து பார்க்கும் ஜனம் என்று சகட்டுமேனிக்கு எல்லாரையும் திட்டுகிறதாம். நல்ல காரியம். ஆனால் அதில் கால்வாய் ஓரம் 'ஃபைட்டு அக்கா' என்று ஒருத்தி வருகிறாள். வாய் நிறைய வெற்றிலை, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஜான்சி பொட்டே வைத்ததில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அந்த வசனத்தை அந்தப் படத்து அக்கா சொன்னதும் தியேட்டர் அதிர்கிறது. மூடி என்ற பேச்சே கிடையாது. சேனல்காரன் எதை வெட்டினானோ, அவனைத் திட்டப் படமெடுத்த மகராசனும் அதையேதான் வெட்டியிருந்தான்.

ஒரு நாளைக்கு நாலு காட்சி. நாலு தடவையும் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டாள். 

"விடு ஜான்சி, படம் சேனல்காரனத்தான கிண்டல் பண்ணுது" என்றார் சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன்.

"அப்ப அல்லாரும் இன்னாத்துக்கு சார் என்னப் பாத்து சிரிக்கிறாங்க?"

அவர் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

ஞாயிறு மதியக் காட்சியில் அந்தச் சிரிப்பு எழுந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

"நிறுத்துங்க! நான்தான் அந்தப் பொம்பள. குழிக்கு மூடி போடச் சொன்னேன். அத ஏன்யா யாரும் காட்டல?"

 பின்வரிசையிலிருந்து விசிலும் சிரிப்பும். "டேய், படத்துக்கு ப்ரமோஷன்டா!" என்று யாரோ கத்த, வரிசையாகப் போன் விளக்குகள் எரிந்தன. முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, செம! அந்த டயலாக்க ஒரு தடவை சொல்லுங்க, ரீல்ஸ் போடறேன்."

"டயலாக் இல்லம்மா. எம் புருசன் செத்துப்பூட்டாரு."

"நடிப்பு அல்டிமேட்க்கா. அப்படியே கன்டினியூ பண்ணுங்க."

அழுதால் அதற்கும் கைதட்டுவார்கள் என்று ஜான்சிக்குப் புரிந்துபோயிற்று. அழவில்லை. ஓடிவந்து கையைப் பிடித்த அரிகிருஷ்ணனை உதறிவிட்டு, அந்தப் போனைப் பார்த்தே பேசினாள்.

"கோவிலம்பாக்கம், கெணத்துத் தெரு முனை. அந்தக் குழி இன்னிக்கும் தொறந்துதான் கீது. மழ பெய்யற அன்னிக்கு அல்லாரும் வாங்க. வந்து அதுமேல நின்னுகினு சிரிங்க."

அந்தப் பெண் போனைத் தாழ்த்தினாள். "இது கொஞ்சம் சீரியஸா இருக்குக்கா. இந்தக் கடைசி பிட்ட மட்டும் கட் பண்ணிடறேன்."

ஜான்சி அந்தப் போனைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தாள். அது சில்லுச் சில்லாகச் சிதறியது. தியேட்டரில் சிரிப்பு சட்டென்று நின்றது. முன்வரிசை முழுக்க எழுந்து நின்று பதறியது.

"ஐயையோ, புது போனு!"