இடது பின்சக்கரம்

நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். கதை கட்டுகிறவன் தன்னைக் கொஞ்சமாவது நல்லவனாகக் காட்டித்தான் கட்டுவான். கடைசிவரை படித்துவிட்டு, இது கட்டியதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி என்பார்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு.

2001, அக்டோபர். தேயிலை விலை விழுந்து கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகள் எல்லாம் தள்ளாடிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. லாரியையும் டிராக்டரையும் விற்றுவிட்டார்கள். மிஞ்சியது ஒரு பழைய ஜீப். நான் மெக்கானிக்காகச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஜீப்பை எனக்கு முன்பே தெரியும். 1997இல் கோத்தகிரிப் பட்டறை ஒன்றில் இருந்தபோது, ஒரே ஒருமுறை கழுவி சர்வீஸ் செய்து அனுப்பியிருக்கிறேன். நம்பரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃப்ரன்ஷியல் மூடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அச்சை நன்றாகக் கழுவிவிட்டுப் புது மூடி மாட்டினேன். மூடியில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால்... இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது.

நடுவில் மூடியை மாற்றினால் சக்கரத்தில் ஏன் கசிய வேண்டும்? சக்கரத்துப் பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீலை, மாற்றினேன். கசிந்தது. மறுபடியும் மாற்றினேன். மறுபடியும் கசிந்தது. எண்ணெய் அளவு சரி. பேரிங் சரி. எனக்குத் தலை சுற்றியது. அந்த எண்ணெய் பிரேக்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே இறக்கம். ஒன்பது வளைவுகள்.

மூன்றாம் நாள், மணி 3:40. டிரைவர் சசிதரன் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஓடி வந்தான். அவன் மனைவி வனிதாவுக்கு நிறைமாதம்.

"பாலண்ணே, வனிதாவுக்கு வலி எடுத்துருச்சுங்க. ஜீப்பு ரெடியாங்களா?"

"அரை மணி நேரம் குடு."

"பனிக்குடம் ஒடைஞ்சிருச்சுண்ணே..."

அவன் பயந்திருந்தான். ஆனால் மனைவியை நினைத்துப் பயந்ததைவிட, அந்த ஜீப்பைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தது போலிருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

வேறு வண்டிக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை. ஜீப்பை ஷெட்டுக்கு வெளியே நாலு சுற்று ஓட்டினேன். உள்ளே கொண்டுவந்து நிறுத்தினால் அதே கசிவு. இடது பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தேன். வாட்ச்மேன் பழனியாண்டி அருகே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தார். மணி நாலுக்கு, ஸ்டோரில் இன்னொரு சீல் இருக்கிறதா பார்த்து வரச் சொன்னேன்.

மூடுபனி ஷெட்டுக்குள் வந்துவிட்டது. கைவிளக்கு வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை.

சொட்... சொட்...

உண்மையைச் சொல்கிறேன். துடைத்துவிட்டு, 'மெதுவாகப் போ' என்று அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

4:12. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. பழனியாண்டி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பதினேழு ஸ்பேனர் எடுங்க."

கைக்கு வந்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

"துணி."

துணியும் வந்தது. சொட்டச் சொட்ட ஈரம்.

"ஏனுங்க, காஞ்ச துணி இல்லீங்களா?"

கிலுங்...

கண்ணாடி வளையல் சத்தம்.

பழனியாண்டிக்கு ஏது வளையல்?

தலையைத் திருப்பினேன். சக்கரம் இல்லாத இடத்தில் இரண்டு பாதங்கள். செருப்பில்லை. பச்சைச் சேலையின் ஓரத்திலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

கீழே சிமெண்டுத் தரை காய்ந்தே கிடந்தது.

"யா... யாரும்மா?"

ஒரு கை மெல்லக் கீழே இறங்கியது. பாதி வளையல்கள் உடைந்திருந்தன. உள்ளங்கையில் ஒரு கொண்டை ஊசி.

ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. வாங்கினேன்.

அந்த விரல் நீண்டது... அச்சின் மேல்பக்கத்தைக் காட்டியது.

விளக்கைத் திருப்பினேன்.

அச்சின் மேலே ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஓட்டத்தில் உள்ளே காற்று சூடாகி விரியும்போது, அது வெளியே போவதற்கான வழி. அது அடைபட்டால் காற்று எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சக்கரத்துப் பக்கம் பிதுங்கும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது.

துவாரத்தில் துணி துவைக்கும் சோப்பு. காய்ந்து கல்லாகியிருந்தது.

வைத்தது நான்தான். கழுவும்போது உள்ளே தண்ணீர் போகாமலிருக்கச் சோப்பை அழுத்தி அடைப்பது என் பழக்கம். கழுவி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்திருக்கிறேன்.

ஊசியால் குத்தினேன்.

புஸ்ஸ்ஸ்ஸ்...

மணி 4:19. கால் நிமிடம் காற்று போனது. நின்றது.

பிறகு இன்னொரு பெருமூச்சு கேட்டது.

அது அச்சிலிருந்து வரவில்லை.

என் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது பாதங்கள் இல்லை.

4:25க்குப் பழனியாண்டி வந்தார். "ஸ்டோரு பூட்டியிருக்குதுங்க. சாவி தேடிட்டு இப்பத்தான் வர்றேன்."

ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிரேக்கைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து, சக்கரத்தை மாட்டினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

4:55க்குக் கிளம்பினோம். லைன் பெண்கள் எல்லோரும் தூரத்துத் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வனிதா மட்டும்தான் படுத்திருந்தாள். சசிதரன் ஓட்ட, நானும் பழனியாண்டியும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தது. ஏழாவது வளைவில் மட்டும் சசிதரன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ராத்திரி 7:10க்குப் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலையில் பார்க்கப் போனோம். வனிதா என்னைத்தான் முதலில் கேட்டாள்.

"பாலண்ணே, பின்னாடி எங்கூட வந்தாங்களே, அந்தக்கா எங்கீங்க? கீழ வர்ற வரைக்கும் எங்கையப் புடிச்சுட்டே வந்தாங்க. தலமுடி அவுந்து கெடந்துச்சு. முடிஞ்சுக்கலையான்னு கேட்டேன். ஊசிய மெக்கானிக்கு கிட்ட குடுத்துட்டேன்னாங்க."

சசிதரன் கையிலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. அவன் வெளியே போய்விட்டான்.

வராந்தாவில் பழனியாண்டி தணிந்த குரலில் சொன்னார். "அவனோட மொத சம்சாரம் சின்னம்மைங்க. அவளுக்கும் இப்படித்தான் வலி வந்து, இதே ஜீப்புல கூட்டிட்டுப் போனான். ஏழாவது வளைவுல பிரேக்கு புடிக்கல. அவன் பொழைச்சான். அவளும் வயித்துப் புள்ளையும் ஓடைத் தண்ணியில கெடந்தாங்க. இடது பின்சக்கரம் பூரா எண்ணெயாம். எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலீங்க."

"எப்ப?"

"தொண்ணூத்தேழு, ஜூலை பதினாலு. திங்கக்கெழமைங்க."

அந்த ஜீப்பை நான் கழுவிக் கொடுத்தது ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. பட்டறையில் அது எனக்குக் கடைசி நாள். மறுநாளே வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டேன்.

முந்தின நாள் போட்ட அதே சட்டைதான். பையைத் தொட்டுப் பார்த்தேன். ஊசி இல்லை.

உள்ளேயிருந்து வனிதா கூப்பிட்டாள்.

"பாலண்ணே... அந்தக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. 'போன தடவ அவரு எடுக்க மறந்துட்டாரு'ன்னாங்க. என்னத்தண்ணே மறந்தீங்க?"

இன்றுவரை நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சசிதரனுக்கும்தான்.